ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு சோதனை: ராக் ஆல்பத்துக்கான குறும் டிராக்கை உருவாக்கும் முறை

ராக் ஆல்பங்களில் முழுநீளப் பாடல்களுக்கு இடையே ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை டிராக்குகள் இடம்பெறுவதுண்டு. மிஞ்சிய நேரத்தில், மிஞ்சிய ஒலிகளைக் கொண்டு அவற்றை ஒப்பேற்றிவிடலாம் என்று பல குழுக்கள் எண்ணுகின்றன. அந்த இடம் வந்தவுடன் கேட்பவரும் அடுத்த பாடலுக்குத் தாவிவிடுகிறார். நான்கு நிமிடப் பாடலில் ஒரு பகுதி தொய்ந்தாலும் அடுத்து வரும் பல்லவி அதைத் தூக்கி நிறுத்திவிடும். எழுபது, எண்பது வினாடிகளே ஓடும் டிராக்கில் அப்படி மீள்வதற்கு இடமில்லை. ஆகவே, நீளம் குறையக் குறையத் திட்டம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இந்த வழிகாட்டி ஒரே நெறியைப் பின்பற்றுகிறது: ஒரு குறும் டிராக்கில் ஒரே ஒரு சோதனைதான் இருக்க வேண்டும், எஞ்சிய அனைத்தும் காதுக்குப் பழகியவையாக இருக்க வேண்டும். புதிய சுருதி, புதிய தாளக் கணக்கு, புதிய ஒலிமூலம், புதிய மிக்ஸிங் ஆகிய நான்கையும் ஒன்றாகக் கொட்டினால், எது மாறியிருக்கிறது என்று காது பிரித்தறிவதற்குள் டிராக் முடிந்துவிடும். நீண்ட படைப்பில் அந்தக் குழப்பம் மெல்லத் தெளிய நேரம் உண்டு. குறும் டிராக்கில் நேராக ஓடும் ஒரு டிரம்ஸ் தாளம் அடியில் இருந்தால்தான் அதன்மேல் விலகிச் செல்லும் ஒன்றை விலகலாகவே உணர முடியும்.

சோதனையைத் தேர்ந்தெடுத்தல்

கிட்டாரைக் கையில் எடுப்பதற்கு முன், இந்த டிராக் எதைச் சோதிக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தில் ‘மேலும்’ என்ற சொல் வந்துவிட்டால், இரண்டு டிராக்குகளுக்கான பொருள் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ராக் இசையில் சோதனைக்கு உரிய களங்கள் பெரும்பாலும் நான்குதான்: ஒலிமூலம், சுருதி, வேகம், காலம்.

ஒலிமூலத்தை மாற்றுவதே எளிதானது. 1940-களில் ஜான் கேஜ் பியானோவின் தந்திகளுக்கு இடையே திருகாணிகளையும் ரப்பர் துண்டுகளையும் செருகி, அதை ஏறத்தாழ ஒரு தாளவாத்தியக் குழுவாகவே மாற்றினார். அதே வேலையை எலெக்ட்ரிக் கிட்டாரில் இன்னும் சுலபமாகச் செய்யலாம். தந்தியில் ஒரு முதலைக் கிளிப்பைக் கவ்வவிட்டால், கூடுதல் எடையின் காரணமாக, மூல சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்களின் ஒழுங்கு குலைந்து மணி அடிப்பதுபோன்ற ஓசை எழும். ஒரு திருப்புளியை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு அருகே தந்திகளுக்கு அடியில் செருகினால், தந்தி இரு பகுதிகளாகப் பிரிந்து இருபுறமும் ஒலிக்கும். ஆனால், பிரிட்ஜ் பக்கப் பகுதி மட்டுமே பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதியில்) வலுவாகப் பதியும் என்பதால், மறுபக்கத்தையும் பிடிக்க வேண்டுமானால் கிட்டாரின் உடலில், அதிர்வை நேரடியாகப் பிடிக்கும் ஒரு பீசோ கான்டாக்ட் மைக்கை ஒட்ட வேண்டியிருக்கும். பீசோ தகட்டைச் சாதாரண மைக் உள்ளீட்டில் செருகினால் கீழ்ச்சுரங்களை இழந்து சப்பையாகக் கேட்கும். ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்று இருக்கும், 1 மெகாஓம் அளவு மின்மறுப்புக் கொண்ட உள்ளீட்டையே பயன்படுத்துங்கள்.

ஆம்ப்பின் ஒலி தந்தியை மீண்டும் அதிரவைத்து எழுப்பும் ஃபீட்பேக்கும் ஒலிமூலம் சார்ந்த சோதனைதான். ஆம்ப்புக்கும் கிட்டாருக்கும் இடையிலான தொலைவு, ஸ்பீக்கரை நோக்கிய கோணம், எந்தத் தந்தி திறந்திருக்கிறது என்ற மூன்றையும் கொண்டுதான் அதைக் கட்டுப்படுத்த முடியும். ஓரடி நகர்ந்தாலே வேறொரு மேற்சுரம் தலைதூக்கும். இங்கே செவிப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 85 டெசிபெல் அளவில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்ற கணக்கில், 100 டெசிபெலில் 15 நிமிடம்தான் மிஞ்சும். ஃபீட்பேக் எழுப்பும் அறையில் 100 டெசிபெல் எளிதில் வந்துவிடும். காதடைப்பான் இல்லாமல் அந்த அறையில் நிற்க வேண்டாம்.

சுருதி சார்ந்த சோதனைக்கு ஓர் எடுத்துக்காட்டு: கிட்டாரின் 4-ஆம் தந்தி இயல்பிலேயே டி சுரத்தில், அதாவது ஏறத்தாழ 146.8 ஹெர்ட்ஸில் இருக்கிறது. 3-ஆம் தந்தியை ஜி-யிலிருந்து டி-க்கு இறக்கி, முழுமையாகச் சேர்க்காமல் 2 ஹெர்ட்ஸ் மட்டும் கூடுதலாக விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டும்போது, அந்த வேறுபாட்டின் காரணமாக ஒலி வினாடிக்கு இருமுறை பெருத்துச் சிறுக்கும். நிமிடத்துக்கு 120 பீட் என்ற டெம்போவில் வினாடிக்கு இரண்டு பீட்கள்தாம். எனவே எந்தக் கருவியும் தாளம் போடாமலேயே, சுருதியின் பிசிறே தாளமாகத் துடிக்கும். தளர்ந்த தந்தியை அழுத்தி மீட்டினால் தொடக்கத்தில் சுருதி ஏறிவிடும் என்பதால், மென்மையாகத்தான் தொட வேண்டும்.

வேகத்தை மாற்றுவது மிகப் பழைய உத்தி. 1973-இல் ஜெர்மானியக் குழுவான நொய், தன் இரண்டாம் ஆல்பத்தைப் பதிவுசெய்யும்போது பணம் தீர்ந்துபோன நிலையில், ஏற்கெனவே வெளியிட்ட சிங்கிளின் இரு பாடல்களையும் கூட்டியும் குறைத்தும் வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டு இரண்டாம் பக்கத்தை நிரப்பியது. வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நேரம் இரட்டிப்பாகும். சுருதியை மாற்றாமல் நீட்டும் வசதி இன்று எல்லா மென்பொருளிலும் உண்டு என்றாலும், அதைத் தவிர்ப்பது நல்லது. சுருதியும் காலமும் ஒன்றோடொன்று பிணைந்து மாறும்போது கிடைக்கும் கனம் அதில் கிடைப்பதில்லை.

நான்காவது களமான காலத்தில்தான் குறும் டிராக்குக்கு மிகுந்த விளைச்சல் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆகவே, இனி வரும் விளக்கம் முழுவதும் காலம் சார்ந்த ஒரே சோதனையைப் பின்தொடர்கிறது: நீளம் வேறுபட்ட இரண்டு கிட்டார் லூப்கள் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டுகள்), நேராக ஓடும் நான்கு பீட் டிரம்ஸ் தாளத்தின்மேல் விலகிச் சென்று, எப்போது மீண்டும் சந்திக்கின்றன?

நீளத்தைக் கணக்கே தீர்மானிக்கட்டும்

குறும் டிராக்கை எங்கே முடிப்பது என்பதுதான் எல்லாரையும் திணறவைக்கும் கேள்வி. ஒலியைப் படிப்படியாகக் குறைத்து மறையச் செய்வது எளிய வழி. ஆனால் 70 வினாடி டிராக்கில் 10 வினாடி மறைவு என்பது ஏழில் ஒரு பங்கை வீணாக்குவதாகும். 1980-இல் த ரெசிடென்ட்ஸ் குழு, ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் 40 டிராக்குகளைக் கொண்ட ‘த கமர்ஷியல் ஆல்பம்’ என்ற தொகுப்பை வெளியிட்டபோது சொன்ன காரணம் கேலியும் தர்க்கமும் கலந்தது: பாப் பாடலில் சரணமும் பல்லவியும் மும்முறை திரும்ப வருகின்றன, திரும்ப வருவதை நீக்கினால் ஒரு நிமிடமே மிஞ்சும். நம்முடைய டிராக் இதற்கு நேர் எதிரானது. முழுக்க முழுக்கத் திரும்ப வருவதாலேயே ஆனது. ஆயினும் அதற்கும் ஒரு கணக்கு முடிவைத் தந்துவிடுகிறது.

டெம்போ 120 என்று வைத்துக்கொண்டால் ஒரு பீட் அரை வினாடி. முதல் லூப் 7 பீட், அதாவது 3.5 வினாடி. இரண்டாவது லூப் 11 பீட், அதாவது 5.5 வினாடி. இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கினால், 77-ஆம் பீட் முடியும் 38.5-ஆவது வினாடியில் முதன்முறையாகவும், 154 பீட்கள் முடியும் 77-ஆவது வினாடியில் இரண்டாம் முறையாகவும் சேர்ந்து தொடங்கும். அதற்குள் முதல் லூப் 22 முறையும் இரண்டாவது லூப் 14 முறையும் ஓடியிருக்கும். டிராக்கின் நீளம் 77 வினாடி என்று இங்கேயே முடிவாகிவிட்டது. எங்கே முடிப்பது என்ற விவாதத்துக்கு இடமில்லை.

இதில் இன்னொரு நயமும் உண்டு. டிரம்ஸ் நான்கு பீட் தாளச்சுற்றுகளில் செல்வதால், லூப்களின் முதல் சந்திப்பு 20-ஆவது தாளச்சுற்றின் இரண்டாம் பீட்டிலும், அடுத்த சந்திப்பு 39-ஆவது தாளச்சுற்றின் மூன்றாம் பீட்டிலும் விழுகிறது. அதாவது, கிட்டார்கள் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் இடத்தில் டிரம்ஸின் கணக்கு பாதியில் நிற்கிறது. அங்கே மூன்றையும் ஒரே கணத்தில் வெட்டினால், அந்த முடிவு சரியானதாகவும் திடுக்கிட வைப்பதாகவும் ஒருசேர இருக்கும். மூன்றும் ஒன்றாகச் சேரும் இடத்தில் முடிக்க விரும்பினால் 7, 11, 4 ஆகியவற்றின் பொதுமடங்கான 308 பீட்கள், அதாவது 154 வினாடி காத்திருக்க வேண்டும். அது இரண்டரை நிமிடத்தைத் தாண்டிவிடும், அதோடு முடிவில் எந்த உறுத்தலும் இருக்காது.

வேறு எண்களையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அவற்றுக்குப் பொதுக் காரணி இருக்கக் கூடாது. 6-உம் 8-உம் எடுத்தால் 24 பீட்களிலேயே, 12 வினாடிக்குள், சந்தித்துவிடும். அதைக் கேட்பவர் ஒரு சாதாரண நீண்ட ரிஃப் (திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர்) என்றே எடுத்துக்கொள்வார். 13-உம் 17-உம் எடுத்தால் முதல் சந்திப்பே 110 வினாடிக்கு மேல் தள்ளிப்போகும், அதற்குள் யாரும் தொடக்கத்தை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு முறையேனும் சந்திப்பை டிராக்கின் நடுவில் கேட்க வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

லூப்களைப் பதிவுசெய்தல்

லூப்பில் வாசிப்பதைவிட வாசிக்காமல் விடுவது முக்கியம். 7 பீட் லூப்பில் மூன்று அடிகளும் 11 பீட் லூப்பில் நான்கு அடிகளும் போதும். ஒவ்வொன்றிலும் தொடர்ச்சியாக மூன்று பீட்களாவது வெறுமையாக இருக்கட்டும், ஏனெனில் ஒரு லூப்பின் வெற்றிடத்தில் மற்றொன்றின் அடி வந்து விழுவதுதான் இந்த டிராக்கின் உயிர். இரண்டும் இடைவெளியின்றி ஒலித்தால் விலகல் நிகழ்ந்துகொண்டே இருக்கும், யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு லூப்பின் முதல் பீட்டிலும் மட்டும் அழுத்தமான ஓர் அடி இருக்க வேண்டும், சந்திப்பை அடையாளம் காட்டப்போவது அதுதான்.

முதல் லூப்பைக் கீழ்த்தந்திகளிலும் இரண்டாவதை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலும் வாசித்தால், பின்னர் மிக்ஸிங்கில் அவற்றைப் பிரிக்கப் போராட வேண்டியதில்லை. சுரங்கள் எளிமையானவையாக இருக்கட்டும். டி, ஏ என்ற இரண்டே சுரங்கள் கொண்ட ஒரு லூப்பும், அவற்றோடு எஃப் சேர்ந்த மற்றொரு லூப்பும் எந்த நிலையில் மோதினாலும் முரண்படுவதில்லை. சுரங்களையும் முரணாக அமைக்க ஆசை எழும். அது வேறொரு சோதனை, வேறொரு டிராக்குக்கு உரியது.

பதிவின்போது 24 பிட் தெரிவுசெய்து, உச்ச அளவு, டிஜிட்டல் பதிவு தாங்கும் முழு அளவுக்குச் சுமார் 10 டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால், ஆம்ப்பின் ஒலியை மைக்கில் பதியும் அதே நேரத்தில் கிட்டாரின் நேரடி சிக்னலையும் தனித் தடத்தில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு மனம் மாறினால் அந்தத் தூய சிக்னலை மீண்டும் ஆம்ப்புக்கு அனுப்பலாம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதானால் ஒரு சிறு திருத்தம் தேவைப்படும். மைக் ஸ்பீக்கரிலிருந்து 30 செ.மீ. தள்ளியிருந்தால் அதன் ஒலி ஏறத்தாழ 0.9 மில்லிவினாடி தாமதமாகப் பதிகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் சுமார் 39 சாம்பிள்கள் (வினாடிக்கு 44,100 வீதம் பதியும் ஒலி அளவீடுகள்) முன்னே நகர்த்தினால் இரண்டும் ஒன்றுசேர்ந்து, மெலிந்து கேட்ட ஒலி கனம் பெறும்.

லூப்பை வெட்டுவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஒருமுறை மட்டும் வாசித்து வெட்டினால், கடைசிச் சுரத்தின் அதிர்வு லூப்பின் முடிவில் திடீரென்று அறுந்துபோகும். ஒவ்வொரு முறையும் அந்த அறுப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். மெட்ரோனோமோடு அதே சொற்றொடரை நிறுத்தாமல் மூன்று முறை வாசித்து, நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய முறையின் ஒலிமிச்சம் அதன் தொடக்கத்தில் ஏற்கெனவே கலந்திருப்பதால், லூப் சுற்றி வரும்போது முடிவும் தொடக்கமும் இயல்பாகப் பொருந்தும். வெட்டும் இடத்தில் அலை பூச்சியக் கோட்டைக் கடக்கிறதா என்று பார்த்து, 5 மில்லிவினாடி அளவில் ஒரு சிறு குறுக்கு மங்கலை (கிராஸ்ஃபேடை) கொடுத்தால் ‘டிக்’ என்ற ஓசை வராது.

நீளம் துல்லியமாக இருக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 3.5 வினாடி என்பது 1,54,350 சாம்பிள்கள், 5.5 வினாடி என்பது 2,42,550 சாம்பிள்கள். கண்ணால் பார்த்து வெட்டி 5 மில்லிவினாடி கூடுதலாக விட்டுவிட்டால், 22 முறை ஓடி முடியும்போது அந்தப் பிழை 110 மில்லிவினாடியாகப் பெருகி, இறுதிச் சந்திப்பு இரண்டு தனித்தனி அடிகளாகக் கேட்கும். உண்மையான டேப் இயந்திரத்தைப் பயன்படுத்துபவர்கள், வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் முதல் லூப்புக்குச் சுமார் 67 செ.மீ., இரண்டாவதுக்குச் சுமார் 105 செ.மீ. டேப்பை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். அதில் இவ்வளவு துல்லியம் கிடைக்காது. இயந்திரத்தின் வேகமே சற்று அலையும் என்பதால் சந்திப்பு எங்கே நிகழும் என்பது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறுபடும். அந்த நிச்சயமின்மை அழகானதுதான், ஆனால் அப்போது 77-ஆவது வினாடியில் வெட்டும் திட்டத்தைக் கைவிட்டு, காதால் கேட்டு முடிக்க வேண்டும்.

டிரம்ஸும் பேஸும்

டிரம்ஸ் கலைஞருக்கு இந்த டிராக்கில் மிகக் கடினமான வேலை காத்திருக்கிறது: எதுவும் செய்யாமல் இருப்பது. கிக், ஸ்னேர், ஹை-ஹாட் மூன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி செல்ல வேண்டும்; ஃபில் (இடையிடையே சேர்க்கும் அலங்கார அடிகள்) கூடாது, சிம்பல் அடி கூடாது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஏற்பாட்டிலேயே உறுதிசெய்துவிடலாம். பதிவின்போது அவருடைய ஹெட்போனில் மெட்ரோனோமை மட்டும் கொடுங்கள், லூப்களைக் கொடுக்காதீர்கள். லூப்கள் காதில் விழுந்தால், எவ்வளவு தேர்ந்த கலைஞரானாலும் 38.5-ஆவது வினாடியை நெருங்கும்போது கை தானாக அழுத்தம் கூட்டிவிடும். அதோடு நேராக ஓடும் தாளத்துக்கும் விலகலுக்கும் இடையிலான வேறுபாடு போய்விடும். தேவை 39 தாளச்சுற்றுகளுக்கும் சற்றுக் குறைவு என்றாலும், 44 வரை வாசிக்கச் சொல்லி, கை சூடேறிய பகுதியை எடுத்துக்கொள்வது நல்லது.

டிரம்ஸுக்கு ஒரே மைக் போதும். கிட்டுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில், மார்பு உயரத்தில் வைத்து, கிக்கும் ஸ்னேரும் சம அளவில் கேட்கும் வரை மைக்கை மேலும் கீழும் நகர்த்துங்கள்; ஹை-ஹாட் மிகுந்தால் மைக்கை மறுபக்கம் சாய்க்க வேண்டும். எட்டு மைக் வைத்துப் பதிந்த விரிந்த டிரம்ஸ் ஒலி, இரு பக்கங்களிலும் இருக்கவேண்டிய லூப்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை மைக் ஒலியை, ஒலியளவின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஒரு கம்ப்ரசர் வழியாகச் சற்றுக் கடுமையாகவே அழுத்தினால், அறையின் எதிரொலி மேலெழுந்து டிரம்ஸ் சிறியதாகவும் நெருக்கமாகவும் ஒலிக்கும்.

பேஸ் கிட்டார் டி சுரத்தில் ஒவ்வொரு தாளச்சுற்றின் முதல் பீட்டிலும் ஒரே ஒரு அடி. முதல் சந்திப்பில், 38.5-ஆவது வினாடியில், பேஸை நிறுத்திவிடுங்கள். ஒரு முக்கியமான கணத்தை அடையாளம் காட்டப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதே வழக்கம். ஆனால், ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த ஒன்று காணாமல்போவதைக் காது இன்னும் கூர்மையாகக் கவனிக்கிறது. அதோடு இரண்டாம் பாதியில் கீழ்ச்சுர இடம் காலியாவதால் முதல் லூப் அங்கே இறங்கி விரிய வழி கிடைக்கிறது.

குரல் வேண்டுமா என்பதற்கு என் பதில், பெரும்பாலும் வேண்டாம் என்பதே. சொற்கள் வந்தவுடன் கேட்பவரின் கவனம் பொருளைத் தேடி ஓடிவிடும். தவிர்க்க முடியாவிட்டால் ஒரே வாக்கியத்தை, பாடாமல், லூப்களின் கணக்கைப் பொருட்படுத்தாமல், ஒரே ஒரு முறை பேசி நிறுத்துங்கள். வானொலியிலிருந்தோ பிறர் பேச்சிலிருந்தோ எடுக்கும் ஒலித்துண்டுகளுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். துண்டு சிறியது என்பதால் மட்டும் அந்தத் தேவை இல்லாமல் போவதில்லை.

மிக்ஸிங்

முதல் லூப் இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், டிரம்ஸும் பேஸும் நடுவில். இரண்டாவது லூப்பில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். முதல் லூப்பின் மேல் அதிர்வெண்களைச் சற்று மங்கலாக்கலாம். இவ்வளவில் நான்கு தடங்களும் தத்தம் இடத்தில் அமர்ந்துவிட வேண்டும். அமரவில்லையென்றால் சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. எஃபெக்ட்டுகளைச் சேர்த்து அதை மறைக்க முடியாது.

22 முறை மாறாமல் ஓடும் லூப் சலிப்பூட்டாதா என்ற கேள்வி நியாயமானது. விலகல் நன்கு கேட்கும்படி அமைந்திருந்தால், ஒவ்வொரு முறையும் லூப்பின் சுற்றுப்புறம் வேறாக இருப்பதால், முதல் சந்திப்பு வரை சலிப்பு வராது. அதன்பின் அதே பயணம் மறுபடி தொடங்குகிறது என்பதைக் கேட்பவர் உணர்ந்துவிடுவார். ஆகையால் இரண்டாம் பாதியில் மட்டும் மெல்ல நிகழும் ஒரு மாற்றம் தேவை. வலப்பக்க லூப்பின் டிஸ்டார்ஷனை அதன் 8-ஆவது ஓட்டத்திலிருந்து 14-ஆவது ஓட்டம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செல்லுங்கள். டிஸ்டார்ஷன் ஏறும்போது ஒலியின் அளவும் ஏறிவிடும். அதை ஃபேடரில் இறக்கிச் சமப்படுத்தினால், சத்தம் கூடாமல் தன்மை மட்டும் கரடுமுரடாகிக்கொண்டே போகும். இந்த ஏழு ஓட்டங்களில்தான் மிக்ஸிங் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே மாற்றம் தனியாகத் தெரியக் கூடாது, ஆனால் எட்டாவதையும் பதினான்காவதையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் அவை வெவ்வேறு கருவிகளோ என்று ஐயம் எழ வேண்டும்.

ரிவெர்ப்பை (சேர்க்கப்படும் எதிரொலியை) பற்றி எச்சரிக்கை தேவை. இரண்டு வினாடி நீளும் ரிவெர்ப், லூப்களில் நாம் கவனமாக விட்டுவைத்த வெற்றிடங்களை நிரப்பிவிடும். இறுதி வெட்டையும் மழுங்கடித்துவிடும். டிரம்ஸின் அறை எதிரொலியே இந்த டிராக்கின் மொத்த எதிரொலியாக இருக்கட்டும், அதையும் 77-ஆவது வினாடியில் மற்றவற்றோடு சேர்த்து வெட்டுங்கள். முடித்தபின் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கி மோனோவில் ஒருமுறையும், பேச்சுக் குரலைவிடத் தாழ்ந்த ஒலியளவில் ஒருமுறையும் கேட்டுப்பாருங்கள். மோனோவிலும் இரு லூப்களும் தனித்தனியாகத் தெரிந்தால் மிக்ஸிங் முடிந்தது.

ஆல்பத்தில் பொருத்துதல்

குறும் டிராக்கை வரிசையின் எந்த இடத்தில் வைக்கலாம் என்பதை அதன் முடிவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். நம்முடையது பாதித் தாளச்சுற்றில் அறுந்து நிற்கிறது. அடுத்த பாடல் இடைவெளியின்றி, அந்த விடுபட்ட இரண்டு பீட்களின் இடத்திலேயே தொடங்கினால் இரண்டும் ஒரே படைப்பாக ஒட்டிக்கொள்ளும். மாறாக, மூன்று நான்கு வினாடி மௌனம் விட்டால் வெட்டின் அதிர்ச்சி முழுமையாக உறைக்கும். 1969-இல் வெளிவந்த பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ ஆல்பத்தின் இறுதியில் உள்ள 23 வினாடிப் பாடலில், டேப்பை வெட்டியபோது, முதலில் வரிசையில் அதற்கு முன் இருந்த பாடலின் கடைசிக் கார்டு அதன் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டது, அதன் சொந்தக் கடைசிச் சுரமோ விடுபட்டுப்போனது; குழு அதை அப்படியே விட்டுவிட்டது. அந்தச் சுரம் இல்லாததே அந்தப் பாடலை அத்தனை பேர் நினைவில் நிறுத்தியிருக்கிறது என்று தோன்றுகிறது. நம் டிராக்கின் இருபுறமும் வேகமான பாடல்கள் வந்தால் நேரான தாளம் மூன்றாவது வேகமான பாடலாகக் கலந்துவிடும். ஒரு மெதுவான பாடலுக்குப் பின் வைப்பதே பொருத்தம்.

சிடியில் வெளியிடுவதாக இருந்தால் சில விதிகள் உண்டு. ஒரு டிராக் 4 வினாடிக்குக் குறையக் கூடாது. ஒரு வினாடி 75 சட்டங்களாக (ஃப்ரேம்களாக) பிரிக்கப்பட்டிருப்பதால், டிராக்கின் எல்லை அந்தச் சட்டங்களில் ஒன்றில்தான் விழ முடியும். ஒவ்வொரு சட்டமும் 588 சாம்பிள்கள். இடைவெளியின்றி அடுத்த பாடலுக்குச் செல்ல வேண்டுமானால், இரண்டு டிராக்குகளையும் ஒரே நீண்ட கோப்பாக மாஸ்டரிங் செய்து, பிறகு சட்ட எல்லையில் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சும் சாம்பிள்களை மென்பொருள் மௌனத்தால் நிரப்பி, தாளத்தில் ஒரு தடுக்கலை உண்டாக்கும். நம் 77 வினாடி சரியாக 5,775 சட்டங்கள் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. இணையத்தில் வெளியிடுவதற்கு வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாகக் கொடுங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது.

ஸ்ட்ரீமிங் தளங்களையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்ட பிறகே ஒரு கேட்பு என்று எண்ணப்படுகிறது; 30 வினாடிக்குக் குறைந்த டிராக்கை உருவாக்குபவர்கள் இதை அறிந்தே செய்ய வேண்டும். அதே தளம் பாடல்களின் ஒலியளவைப் பொதுவாக -14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் ஒலியளவுக்கான அலகு) என்ற அளவுக்குச் சமப்படுத்துகிறது. ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது மட்டும் ஆல்பத்தை ஒரே அலகாகக் கொண்டு சமப்படுத்துவதால், டிராக்குகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு காப்பாற்றப்படும். ஆகவே, மாஸ்டரிங்கில் இந்தக் குறும் டிராக்கை மற்ற பாடல்களின் சத்தத்துக்கு உயர்த்தத் தேவையில்லை. முந்தைய மெதுவான பாடலின் முடிவோடு ஒப்பிட்டு, அதைவிட ஓரிரு டெசிபெல் தாழ்வாகத் தொடங்குமாறு வையுங்கள்; உச்ச அளவு -1 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இரண்டு லூப்களையும் எந்த எஃபெக்ட்டும் சேராத நிலையில், டெம்போவையும் பீட் எண்ணிக்கையையும் பெயரிலேயே குறித்துத் தனிக் கோப்புகளாகச் சேமித்துவையுங்கள். மேடையில் இதை வாசிக்க நேரும்போது இரண்டு கிட்டார் கலைஞர்களும் அந்தக் கோப்புகளைக் கேட்டுத்தான் தத்தம் 7-ஐயும் 11-ஐயும் தனித்தனியே மனப்பாடம் செய்ய முடியும். ஒத்திகையில் முதல் சில நாட்களுக்கு ஒருவர் வாசிப்பது மற்றவர் காதில் விழாமல் பயில்வது நல்லது.